பல்சக்கரங்களின் கதை – 17: எண்ணெய் போட்ட கணக்கு

சென்ற வாரம் லிவோனியாவில் நின்றோம். 1953 ஆகஸ்ட் 12 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய வில்லோ ரன் கட்டடத்துக்கு உற்பத்தி குடிபெயர்ந்தது. அதுவரை அந்நிறுவனத்தின் கேடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் ப்யூக்கின் கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்திச் சமாளித்தன. 1940ஆம் ஆண்டு மாடலில், விரும்பியவர் மட்டும் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதியாகத்தான் ஹைட்ராமேட்டிக் வந்தது. பதின்மூன்று ஆண்டுகளில், அது இல்லாமல் காரை விற்க முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்கு எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? கம்ப்யூட்டர் கிடையாது, 1940இல் டிரான்சிஸ்டர்கூடப் பிறக்கவில்லை. முடிவெடுத்தது எண்ணெய். இந்த வாரக் கதை, அந்த முடிவு எண்ணெயின் கையிலிருந்து மின்சாரத்தின் கைக்கு எப்படிப் போனது என்பது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டுமே பிரித்துப் பூட்டும் பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பழைய பெட்டி ஒன்றின் அடித்தட்டைக் கழற்றியதும், பரோட்டா மாவுத் தட்டு அகலத்துக்கு ஓர் அலுமினிய வார்ப்பு வெளியே வந்தது. அதற்குப் பெயர் வால்வ் பாடி. மரத்தைச் செல் அரித்த தடம்போல அதன் முகம் முழுக்க வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். எல்லாமே எண்ணெய் போகும் வழிகள். நடுநடுவே துளைகள், துளைகளுக்குள் சுண்டுவிரல் தடிமனில் உருளை வால்வுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். சில பள்ளங்களில் மிளகு அளவு எஃகுக் குண்டுகள் சும்மா கிடந்தன. நான் ஆர்வத்தில் பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்டை எடுத்து அதைத் துடைக்கப் போனேன். மெக்கானிக் சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். "சார், துணி வேண்டாம். ஒரே ஒரு நூல் உள்ள போனாலும் வால்வ் மாட்டிக்கும். அப்புறம் மூணாவது கியர் விழவே விழாது."

அந்த வார்ப்புதான் அன்றைய கம்ப்யூட்டர். அது கணக்குப் போட்ட விதத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அவ்வளவு அழகான வேலை அது.

கியர் மாற்றுவதற்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். வண்டி என்ன வேகத்தில் போகிறது, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறார். முதலாவதைச் சொல்வதற்குக் கவர்னர் என்ற உறுப்பு. கியர்பாக்ஸின் வெளித்தண்டோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகள் அதில் உண்டு. வேகம் ஏற ஏற எடைகள் வெளிப்பக்கம் விலகும், ஒரு வால்வ் திறக்கும், ஒரு குழாயில் எண்ணெய் அழுத்தம் உயரும். ஆக, வண்டியின் வேகம் அழுத்தமாக மாறிவிட்டது. இரண்டாவதற்கு ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள், அல்லது என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை உணரும் ஒரு டப்பா. கால் அழுத்த அழுத்த இன்னொரு குழாயில் அழுத்தம் உயரும். இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரே உருளை வால்வின் இரண்டு முனைகளிலும் வந்து முட்டும். ஒரு பக்கம் வேகம், மறு பக்கம் ஓட்டுபவரின் கால். கால் பக்கத்துக்குத் துணையாக ஒரு ஸ்பிரிங். தராசுபோல எது கனக்கிறதோ அந்தப் பக்கம் வால்வ் சாயும். வேகம் வென்றால் வால்வ் நகர்ந்து புதிய வழி திறக்கும். எண்ணெய் அடுத்த கியரைப் பிடிக்கும் கிளட்சுக்குப் பாயும், மேல் கியர் விழும். முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் கால் பக்கம் கனத்து, கியர் ஒரு படி இறங்கும். கிக்டவுன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த எஃகுக் குண்டுகளும் சும்மா கிடக்கவில்லை. எண்ணெய் ஒரு திசையில் வரும்போது குண்டு துளையை அடைத்துக்கொள்ளும், மறு திசையில் வரும்போது விலகி வழிவிடும். கிளட்ச் மெதுவாகப் பிடிக்கவும் வேகமாக விடவும் அந்த மிளகு அளவு குண்டே போதுமானதாக இருந்தது.

இந்தக் கணக்கில் குறையும் உண்டு. ஸ்பிரிங்கின் விறைப்பை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதும், நெடும்பயணத்தில் கொதித்துக் கிடக்கும்போதும் ஒரே கணக்கு. மலையேற்றத்தில் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவி ஓட்டுபவரைப் பாடாய்ப் படுத்தும். ஒரே கியர்பாக்ஸை வேறு என்ஜினோடு இணைக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்குகளும் துளைகளும் மாற வேண்டும். கிளட்ச் தட்டுகள் தேயத் தேய, வால்வ் பாடிக்கு அந்தத் தேய்மானம் தெரியவே தெரியாது.

மின்சாரம் உள்ளே வருவதற்கு முன் வாசல் வரை வந்து நின்ற ஒரு காலமும் உண்டு. 1958ஆம் ஆண்டு மாடலாக ஃபோர்டு நிறுவனம் கொண்டுவந்த எட்செல் காரில், ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவிலேயே கியர் பொத்தான்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் மின்மோட்டார் ஒன்று கியர்பாக்ஸின் தேர்வுத் தண்டைத் திருப்பும். பார்க்க எதிர்காலம்போல இருந்தாலும், ஓடும்போது எந்தக் கியர் என்று முடிவு செய்தது அங்கேயும் எண்ணெய்தான்.

முடிவையே மின்சாரத்திடம் கொடுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, பிரான்ஸின் ரெனோ. 1969இல் வந்த ரெனோ 16 டிஏ காரில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக். ரெனோவின் இந்த வகைப் பெட்டிகளில் எடைகள் சுழலும் கவர்னர் இல்லை. அதன் இடத்தில் ஒரு சிறு ஜெனரேட்டர் இருந்தது. வண்டியின் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டரின் நிலைக்கும் ஏற்ப அதன் மின்னழுத்தம் மாறும். டிரான்சிஸ்டர்கள் அடங்கிய ஒரு பெட்டி அதைப் படித்து, இரண்டு சொலினாய்டுகளுக்கு மின்சாரம் விடும் அல்லது நிறுத்தும். சொலினாய்டு என்பது கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புத் துண்டு. மின்சாரம் பாய்ந்தால் நகரும், அதோடு சேர்ந்து எண்ணெய் வழி திறக்கும் அல்லது மூடும். 1970இல் ஜப்பானில் டொயோட்டாவும் இதே பாதையில் இறங்கியது.

ஆனால் கூர்ந்து பார்த்தால், இவையெல்லாம் எண்ணெய் போட்ட அதே தராசுக் கணக்கை மின்னழுத்தத்தில் போட்டன. அவ்வளவுதான். அழுத்தத்துக்குப் பதில் வோல்ட். நினைவாற்றல் கிடையாது, தன் வேலை சரியாக நடந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் தெரியாது. உலோகமும் எண்ணெயும் மலிவாகச் செய்யும் வேலையை விலை கூடிய மின்னணு எதற்குச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1975இல் கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்கு அளவுகோல் வைக்கும் சட்டம். 1985ஆம் ஆண்டு மாடல் கார்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல் தர வேண்டும் என்றானது. புகையைக் கட்டுப்படுத்த என்ஜினுக்கு மைக்ரோபிராசசர் வந்தே தீர வேண்டியிருந்தது. வந்தபின், அதன் சென்சார்களை கியர்பாக்ஸும் பயன்படுத்திக்கொள்ளக் கூடுதல் செலவு அதிகமில்லை. 1983இல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் நான்கு கியர் பெட்டிக்கு பாஷ் நிறுவனம் மின்னணுக் கட்டுப்பாடு செய்துகொடுத்தது. பிஎம்டபிள்யூ 7 வரிசைக் கார்களில் அது ஓடியது. சிக்கனத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று ஓட்டுபவரே திருப்பிக்கொள்ள ஒரு குமிழும் வந்தது. எண்ணெய்க் காலத்தில் இதற்கு இரண்டு வால்வ் பாடிகள் வேண்டியிருக்கும். இங்கே நினைவகத்தில் இரண்டு அட்டவணைகள் போதும்.

இன்னொன்றும் நடந்தது. என் கணிப்பில் அதுதான் பெரிய மாற்றம். கியர் மாறும் அந்தக் கணத்தில் கியர்பாக்ஸ் என்ஜினிடம், "கொஞ்சம் அடக்கி வாசி" என்று சொல்ல முடிந்தது. என்ஜின் கம்ப்யூட்டர் தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளும், இழுவிசை நொடியின் ஒரு பகுதிக்குத் தாழும், கிளட்ச் அலுங்காமல் பிடிக்கும், உடனே விசை திரும்பும். அதுவரை தனித்தனியாக வாழ்ந்த இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ளத் தொடங்கின. அந்தப் பேச்சுக்குக் கம்பிகள் பெருகின. பெருகிய கம்பிகளைக் குறைக்கவும் உதவும் ஒரு பொது மின்வழியை பாஷ் உருவாக்கி 1986இல் டெட்ராய்டில் அறிமுகம் செய்தது. இன்று கிட்டத்தட்ட எல்லாக் கார்களிலும் இருக்கும் கேன் பஸ் அதுதான்.

இனி, இந்த அத்தியாயத்தின் நடுநாயகத்துக்கு வருவோம். 1989ஆம் ஆண்டு மாடல் கார்களில் கிரைஸ்லர் நிறுவனம் ஏ604 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. விளம்பரப் பெயர் அல்ட்ராடிரைவ். முன்சக்கர இழுவைக் கார்களுக்கும், அமெரிக்கக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் மினிவேன்களுக்கும் அது வந்தது.

அதற்கு முந்தைய பெட்டிகள் பலவற்றில் ஒருவழிக் கிளட்ச் என்றொரு உறுப்பு இருக்கும். சைக்கிளின் ஃப்ரீவீலைப்போல ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் விட்டுவிடும். அடுத்த கியர் பிடித்த நொடியே பழைய கியர் தானாகக் கழன்றுகொள்ள அது உதவும். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருள் மாறும்போது கீழே ஒரு வலை விரித்த மாதிரி. ஏ604இன் பொறியாளர்கள் அந்த வலையை எடுத்துவிட்டார்கள். எடை குறையும், இடம் மிச்சமாகும். ஐந்தே ஐந்து கிளட்சுகள். எந்தக் கியரானாலும் இரண்டு கிளட்சுகள் பிடித்திருக்கும். ஒன்று விடவும் மற்றொன்று பிடிக்கவும் வேண்டிய நேரத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் அந்த அரை நொடியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இரண்டாவது கியரின் விகிதம் 1.57, மூன்றாவது சரியாக 1. வெளித்தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்றால், உள்ளே வரும் தண்டு 3,140 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். கியர் மாறி முடிந்ததும் அதுவும் 2,000க்கு இறங்கியிருக்க வேண்டும். இரண்டு தண்டுகளுக்கும் ஆளுக்கொரு வேக சென்சார். ஆகவே கம்ப்யூட்டருக்கு இலக்கும் தெரியும், வழியில் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியும்.

மூன்றாவது கியருக்கான கிளட்சின் பிஸ்டனுக்குப் பின்னால் இப்போது எண்ணெய் இல்லை. சொலினாய்டு திறக்கிறது, எண்ணெய் பாய்கிறது. முதலில் அது பிஸ்டனை நகர்த்தி, தட்டுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை மூட வேண்டும். அதுவரை எந்தப் பிடிப்பும் இல்லை. அதற்குள் பழைய கிளட்சை விட்டுவிட்டால் இரண்டு கையும் காலி. என்ஜின் சுமையில்லாமல் வீறிட்டு, 3,140இலிருந்து மேலே எகிறும். தாமதமாக விட்டாலோ இரண்டு கியரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டி பிரேக் போட்டதுபோல முன்னால் முட்டும். சரியான புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவே, நொடியின் நூறில் சில பங்கு அகலத்தில் இருக்கிறது. தட்டு தொடும் நேரத்தில் பழைய கிளட்சின் அழுத்தம் இறங்க வேண்டும். கம்ப்யூட்டர் சொலினாய்டை நொடிக்குப் பலமுறை திறந்து மூடி அழுத்தத்தை இழை இழையாகக் கூட்டுகிறது. 3,140, 2,900, 2,500, 2,100 என்று உள்தண்டு இறங்குவதைப் பார்த்தபடியே அடுத்த துடிப்பைத் திருத்துகிறது.

இதில் புதிர், அந்த இடைவெளியை மூட எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பது. பெட்டிக்குப் பெட்டி அது மாறும், தட்டு தேயத் தேயக் கூடும். ஏ604 அதைத் தானே அளந்துகொண்டது. ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் எண்ணெய் விடத் தொடங்கியதிலிருந்து உள்தண்டின் வேகம் அசையும் வரை கணக்கெடுத்து, ஒவ்வொரு கிளட்சுக்கும் ஓர் எண்ணை நினைவில் வைத்தது. அடுத்த முறை அந்த எண்ணிலிருந்து தொடங்கியது. தட்டு தேய்ந்தால் எண் உயரும், கியர் மாறுவது மாறாமல் இருக்கும். பட்டறையில் சோதனைக் கருவியை மாட்டி அந்த எண்களைப் படித்தால், பெட்டியைப் பிரிக்காமலேயே எந்தக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிடலாம். எண்ணெய்க்குத் தெரியாமல் போன தேய்மானத்தைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டது.

இவ்வளவு நுட்பத்தோடு வந்த பெட்டி, அடுத்த சில ஆண்டுகளில் புகார்களில் மூழ்கியது. அந்த ஆண்டுகளில் அதைப்போல ஏச்சு வாங்கிய கியர்பாக்ஸ் வேறு ஒன்றை நினைவுபடுத்திச் சொல்வது கடினம்.

காரணங்களில் ஒன்று மனதைப் பிசைகிறது. தட்டுகள் பிடிப்பதும் வழுக்குவதும் எண்ணெயில் கலந்திருக்கும் சேர்மானத்தைப் பொறுத்தது. ஏ604க்கு கிரைஸ்லர் தன் தனி எண்ணெயைப் பரிந்துரைத்தது. ஆனால் அது கிடைக்காவிட்டால் சந்தையில் பரவலாகக் கிடைத்த டெக்ஸ்ரான் எண்ணெயை ஊற்றலாம் என்று தொடக்க கால உரிமையாளர் கையேட்டிலேயே இருந்தது. மக்களும் பட்டறைகளும் அதை நம்பி ஊற்றினார்கள். டெக்ஸ்ரானில் அந்தத் தட்டுகளின் உராய்வு வேறு மாதிரி நடந்துகொண்டது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, கியர் மாறும் இடத்தில் வண்டி நடுங்கியது. கம்ப்யூட்டர் விடாமல் அளந்தது, விடாமல் திருத்தியது. தனக்குள் ஓடும் எண்ணெயே தவறு என்பதை அறிய அதனிடம் எந்த சென்சாரும் இல்லை. பிறகுதான் தனி எண்ணெய் தவிர வேறெதுவும் கூடாது என்று நிறுவனம் அழுத்திச் சொல்லத் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கேரேஜ் வாசலில் காசைக் கொட்டியிருந்தன.

இன்னொன்று, பேட்டரி. தொடக்க காலப் பெட்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினால் கற்ற எண்களெல்லாம் அழிந்துவிடும். வேறு ஏதோ வேலைக்காக வயரைக் கழற்றி மாட்டி வண்டியைக் கொடுப்பார்கள். அடுத்த சில நாட்கள் அது புதிதாகக் கற்றுக்கொண்டு முட்டி மோதி கியர் மாற்றும். நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டாங்க என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். மெக்கானிக்குகளும் பாவம், கற்கும் கியர்பாக்ஸ் ஒன்றை அதுவரை அவர்கள் பார்த்ததில்லை.

கோளாறைக் கண்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? இரண்டு தண்டுகளின் வேகத்தை வகுத்துப் பார்க்கும். 1.57 வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை என்றால் எங்கோ வழுக்குகிறது. உடனே ஒரு ரிலே திறந்து, எல்லாச் சொலினாய்டுகளுக்கும் மின்சாரம் நின்றுவிடும். மின்சாரமே இல்லாதபோது எண்ணெய் தன் இயல்பான வழியில் பாயும். அந்த வழி இரண்டாவது கியரில் போய் முடிகிற மாதிரி வால்வ் பாடியை வார்த்திருந்தார்கள். ரிவர்ஸும் கிடைக்கும். இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு வீடு வரை வந்துவிடலாம். மின்சாரம் கைவிட்டால் எண்ணெய் பார்த்துக்கொள்ளட்டும் என்ற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளர்கள்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. அவர்கள் செய்த அடிப்படைத் தேர்வும் தோற்கவில்லை. பெயர் மாறி, பிழைகள் களைந்து, அதே பெட்டி 2000களிலும் கிரைஸ்லர் கார்களில் ஓடியது. இன்று கிளட்சிலிருந்து கிளட்சுக்கு மாற்றும் பெரும்பாலான கியர்பாக்ஸ்கள், தம் தட்டுகளின் இடைவெளியைத் தாமே அளந்து கற்றுக்கொள்கின்றன.

1990களின் நடுவில் மெர்சிடிஸ் தன் ஐந்து கியர் பெட்டியை முழு மின்னணுக் கட்டுப்பாட்டோடு கொண்டுவந்தபோது, வெளியிலிருந்து மின்சாரம் எண்ணெய்க்குள் நுழையும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில், கைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கனெக்டர், கசியாமல் தடுக்க அதைச் சுற்றி ரப்பர் வளையங்கள். ஆண்டுகள் ஓட, சூட்டில் வளையம் இறுகிப்போகும். எண்ணெய் கசியும். கீழே சொட்டினால் பரவாயில்லை. சில வண்டிகளில் அது மின்கம்பியின் உறைக்குள் புகுந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மெல்லிய செப்பு இழைகளுக்கு இடையே ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறியது. தொலைவில், காய்ந்த இடத்தில் பத்திரமாக வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்த மெக்கானிக்குகள் அந்த பிளக்கில் எண்ணெய் நிற்பதைக் கண்டு முதலில் நம்பவே இல்லை.

2001இல் வந்த பிஎம்டபிள்யூ 7 வரிசையில் இசட்எஃப் தன் ஆறு கியர் பெட்டியைப் பொருத்தியது. அதில் வெளியே தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. கம்பி நீளமாக இருந்தால்தானே இணைப்புகளும் கோளாறுகளும் அதிகம்? கம்ப்யூட்டரையும் சென்சார்களையும் சொலினாய்டுகளையும் ஒரே துண்டாகச் செய்து, வால்வ் பாடியின் முதுகிலேயே வைத்துப் பூட்டினார்கள். அந்த மூடிய மின்னணுத் தகடு இப்போது அடித்தட்டுக்குள், நூறு டிகிரியைத் தொடும் எண்ணெயில் முங்கிக் கிடந்தபடி வேலை செய்கிறது.

(தொடரும்)